வெங்காயத் தோலுக்கு ஒரு தோத்திரம்

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து குசினிக்குள் போகலாம் என்றால் எங்கள் வீட்டில் நடக்காது. என் கணவரின் அக்கா, எங்களோடு இருந்த மதினி, ஒருவரையும் எழும்ப விடமாட்டாள். முழங்காலில் நின்றபடியே ஆளுக்கு ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். நேற்றுச் சொன்னது இன்றைக்குச் செல்லாது. முன்னால் ஒருவர் எடுத்துக்கொண்டதைப் பின்னால் வருகிறவர் தொடக் கூடாது. எதற்கு நன்றி என்று காரணமும் சொல்ல வேண்டும். அதுவோ யுத்த காலம். ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. அதில் தினம் ஒரு புது நன்றிக்கு நான் எங்கே போவேன்?

மாமியாருக்குக் கவலையே இல்லை. "கண்ணு தெரியுதே, சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்பாள். மறுநாள் காது. அதற்கு மறுநாள் பல். மாமியின் உடம்பில் உறுப்புகள் ஏராளம். அவள் அவசரப்படவே இல்லை. கடைசியில் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான்தான்.

"ஏளா, என்ன முழிக்க? மூஞ்சிய உப்பு போட்ட மாங்கா மாதிரி வச்சிக்கிட்டு? சொல்லு" என்பாள் மதினி.

மூஞ்சி அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருக் கோயில் திருநாளுக்குச் சப்பரம் ஜோடிப்பது என் காகிதப் பூதான். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கிழித்தும் ஒட்டியும் நானாகப் பழகியது. என் கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். வருஷா வருஷம் அங்கிருந்து வர்ணக் காகிதம் வாங்கி வருவார். அந்த வருஷம் திருநாள் நெருங்கியும் தோணியைக் காணோம். ஊரில் ஒரு கடையிலும் காகிதம் இல்லை.

தெருப் பெரியவர் வாசலிலேயே நின்று கேட்டார். "பூ உண்டா இல்லியா? இல்லன்னா மேலத்தெருக்காரிகிட்ட சொல்லிருதேன். அவ துணியில செய்யுதா."

மேலத்தெருக்காரி ரோஜா செய்தால் முட்டைக்கோசு மாதிரி இருக்கும். ஆனாலும் ஒரு தடவை அவள் கைக்குப் போனால் சப்பரம் என் கைக்குத் திரும்பாது. எனக்கென்று ஊரில் இருந்த ஒரே பெயர் அதுதான். "உண்டு" என்று சொல்லிவிட்டேன். எதில் செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அந்தக் குழப்பத்தில்தான் அன்று சாயங்காலம் நாக்கு தவறியது. பகலில் கச்சான் காற்று வீசு வீசென்று வீசி, துவைத்ததெல்லாம் சட்டென்று காய்ந்திருந்தது. "கச்சானுக்குத் தோத்திரம்" என்றேன்.

மாமி நெஞ்சில் கை வைத்தாள். மதினியின் முகம் கறுத்துவிட்டது. மேற்கேயிருந்து வரும் கச்சான், கொழும்புக்குப் போகிற தோணிக்குத்தான் தோது. திரும்புகிற தோணிக்குக் கிழக்கே இருந்து கொண்டல் வீச வேண்டும். அதுவரை அங்கேயே நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

"கட்டினவன் அங்கன கெடக்கான், இவ இங்கன கச்சானக் கும்பிடுதா! போவ வேண்டிய காத்தப் பாய் விரிச்சு உக்கார வச்சிட்டியேளா!"

அன்றைக்கே புதுச் சட்டம் வந்தது. தோணி கரை சேரும்வரை காற்று, கடல், வானம் ஒன்றுக்கும் யாரும் நன்றி சொல்லக் கூடாது. சொல்லு சொல்லு என்று கழுத்தைப் பிடித்தவளே இப்போது வாயைப் பொத்தினாள். இந்த வீட்டில் எப்படித்தான் பிழைப்பது?

எனக்கு மிஞ்சியது வீட்டுக்குள் கிடந்த சாமான்கள் மட்டும். விடிந்ததும் சாயங்காலத்துக்கு எதைச் சொல்வது என்று மூலை மூலையாகத் தேட ஆரம்பித்தேன். அம்மியின் பள்ளம், பானையின் மூடி எல்லாம் தீர்ந்தன. ஒரு நாள் ஒன்றுமே அகப்படவில்லை. மத்தியானம் உரித்த பெரிய வெங்காயம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"வெங்காயத் தோலுக்குத் தோத்திரம்."

மாமி குலுங்கிச் சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. "எதுக்காம்?"

"உரிச்சுப் போட்டேன். சன்னல் வெயில்ல செம்பு மாதிரி மினுங்கிச்சு, மதினி. காகிதத்த விட நைசா..."

நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன். மதினி அதைக் கவனிக்காமல் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

விடிந்ததும் வெங்காய மண்டிக்குப் போனேன்.

"தோல் மட்டுமா? வெங்காயம் வேண்டாமா தாயி?" என்றார் மண்டிக்கார அண்ணாச்சி.

"தோல் போதும் அண்ணாச்சி."

"நல்லாருக்கே! நாத்தம் எனக்கு, மினுக்கு உங்களுக்கா?" என்றார். ஆனாலும் ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார்.

தொட்டால் தோல் நொறுங்கியது. புளியங்கொட்டைப் பசையைத் தடவினால் சுருண்டது. சாக்கைக் கடலில் கொட்டிவிடலாமா என்றிருந்தது. கஞ்சிப் பானையின் ஆவியில் காட்டிப் பார்த்தேன், சொன்னபடி வளைந்தது. இதழ்களை ஓலை ஈர்க்கில் கட்டினேன். நடுவில் வைக்க, கழுவிக் காயவைத்த விளமீன் செதில். மதினி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, "இன்னைக்குச் சொல்ல ஒண்ணு கிடைச்சிச்சா?" என்று பிடுங்கினாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் பசி மறந்திருந்தேன். காகிதத்தில் ஒருநாளும் வராத பூவெல்லாம், யாரும் கேட்காத பூவெல்லாம், கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாட்டுக்கூடப் பாடினேனாம்; மாமி சொல்லித்தான் தெரியும்.

விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சப்பரம் இருட்டும் முன்பே கிளம்பியது. சாய்ந்த வெயில் தோலுக்குள் புகுந்து பூவெல்லாம் தணல் போல எரிந்தது. தெருப் பெரியவர் கிட்டே போய்ப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"பூவு சோக்கா இருக்கு. என்ன, பக்கத்துல நின்னா வயிறு சோறு கேக்குது."

தெருவே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும், "அடுத்த வருசமும் நீதான். இதே பூவுதான்" என்றார். இனி வருஷா வருஷம் சாக்குச் சுமக்க வேண்டும். போதுமா!

திருநாள் முடிந்த பிறகுதான் கொண்டல் வீசியது, தோணி வந்தது. மெழுகுத் துணியில் சுற்றிய காகிதக் கட்டோடு என் கணவர் வந்து இறங்கினார். அன்று ஜெபமாலை முடிந்ததும் மதினி முந்திக்கொண்டாள். "தம்பி கரை சேந்ததுக்குத் தோத்திரம்." இத்தனை நாள் உறுப்புகளையே சொல்லிவந்த மாமி, அன்று பார்த்து, "கொண்டலுக்குத் தோத்திரம்" என்றாள். என் கணவர் வீட்டுக் கஞ்சிக்கு நன்றி சொல்லிவிட்டார். எனக்கு வந்த புருஷன், நான் காத்திருந்த காற்று. ஒன்றையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

"சொல்லு ஏளா, கஞ்சி ஆறுது" என்றாள் மதினி.

"காகிதம் நேரத்துக்கு வராததுக்குத் தோத்திரம்."

அவர் துள்ளிவிட்டார். "ஏளா! அத நனையாம கொண்டார நான் பட்ட பாடு என்ன!"

"நீ சும்மா இருலே" என்றாள் மதினி. "அவ காரணத்தச் சொல்லட்டும்."

சொன்னேன். தெருப் பெரியவரில் தொடங்கி, சாக்கு, ஆவி, செதில், வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கஞ்சி ஆறியே போனது. நான் முடிக்கும்வரை முழங்காலில் நிற்க முடியாமல் மாமி சுவரைப் பிடித்து எழுந்துவிட்டாள்.

"நாளைக்கு என் முழங்காலுக்கு மட்டும் என்னையத் தோத்திரம் சொல்லச் சொல்லாதீங்க" என்றாள்.