தேர் அன்றைக்கு வந்த அழைப்பு

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து கடற்கரைச் சாலையில் நடந்தேன். திரும்பும் வழியில் பேக்கரியில் ரொட்டி வாங்கினேன். குளித்துச் சாப்பிட்டு, எட்டரைக்கு நகரின் ஓரத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் கம்பெனிக்குப் போய்விட்டேன். அங்கே ஆள் எடுப்பது என் வேலை. சுதந்திர தினத்தையொட்டி மூன்று நாள் விடுமுறை என்பதால் மேசையில் தூசி. துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

விடுமுறை எனக்குத்தான், புதிதாக வாங்கிய மென்பொருளுக்கு இல்லை. விண்ணப்பித்தவர்களை அதுவே போனில் கூப்பிட்டு, பெண் குரலில் தமிழில் கேள்வி கேட்டு, பதில்களுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்திவிடுகிறது. பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் வேலைக்கு எல்லோரிடமும் வெள்ளிக்கிழமையே பேசி முடித்திருந்தது. வரிசையில் முதலில் வந்த பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேலை உத்தரவு அனுப்ப வேண்டும். எனக்கு இதற்கு முன்பெல்லாம் ஒரு வாரம் பிடிக்கும். நிம்மதியாகத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் வாட்ச்மேன் கூப்பிட்டார். "சார், ஒரு அம்மா வந்து நிக்கிது. போன்ல பேசுன மேடத்தப் பாக்கணுமாம். நம்மகிட்ட ஏது சார் மேடம்?"

கேட்டுக்குப் போனேன். அந்த அம்மா பக்கத்துக் கடலோர ஊரான வீராம்பட்டினத்திலிருந்து வந்திருந்தார்; சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தவர். மருந்துக் கம்பெனி ஒன்றில் பல வருடமாகப் பேக்கிங் வேலை. அந்தக் கம்பெனியை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள்.

"வெள்ளிக்கெழம எங்க ஊர்ல தேரு சார். மோளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, வூடு பூரா சொந்தக்காரங்க. நாளைக்குப் பேசுங்க மேடம்னேன். சரின்னாங்க. சனிக்கெழம பூரா போன கையிலயே வச்சிருந்தேன். அவங்களுக்கு எதனா கோவமா?"

அவரை உட்காரவைத்து அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: "இன்னிக்குத் தேரு மேடம், நாளைக்குப் பேசுங்க. நீங்களும் வாங்களேன், சாப்ட்டுட்டுப் போலாம்." அதற்கு அது, "நிச்சயமாக. உங்கள் நேரத்திற்கு நன்றி" என்றது. அவர் பெயருக்கு எதிரே அது போட்டிருந்த குறிப்பு: விருப்பமில்லை.

பேசியது மெஷின் என்று சொன்னேன்.

"மெஷினா? அப்ப சரின்னு சொன்னது யாரு சார்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டுப் பேசலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குப் பட்டியலத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும் சார். நாமளே மறுபடி கூப்பிடறதுன்னா அந்த மெஷின எதுக்கு வாங்குனோம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை அதே குறிப்பைப் பெற்றவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் விசேஷமா, உண்மையிலேயே வேண்டாம் என்றார்களா? கேட் வரை வந்தவரை மட்டும் கூப்பிட்டால் பாரபட்சம் ஆகாதா? விடுமுறை நாளிலும் ஒழுங்காகப் பதில் சொல்லி முதலில் வந்த பெண் என்ன தவறு செய்தாள்? ஆனால் என் உதவியாளர் யாராவது அப்படிச் சரி என்று சொல்லியிருந்தால் மறுநாள் கூப்பிட்டுத்தானே இருப்போம்? விடுமுறையன்று நாங்கள் யாரையும் கூப்பிட்டதே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

மாலையில் மறுபடியும் போய் நின்றேன். "பத்து மணிக்குள்ள என்னமோ பண்ணுங்க, என்னை விடுங்க" என்றார் மேனேஜர். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதா என்றும் விளங்கவில்லை. அந்தக் குறிப்பைப் பெற்ற எல்லோரையும் கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நடக்கப் போகவில்லை. முதல் வேலையாக அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். கம்பெனியைச் சொல்லி, இப்போது பேசலாமா என்று கேட்டேன்.

"நீங்க மனுசரா சார், இல்ல அந்த மேடம் மாதிரியா?"

"நேத்து கேட்ல பாத்தீங்களே, அந்த ஆளுதாம்மா."

"அத எப்பிடி சார் நான் நம்பறது?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு நேர்காணலைத் தொடங்கினேன். பேக்கிங்கில் திடீரென்று இரண்டு பேர் வராவிட்டால் வேலையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன்.