மூடி உப்பிய இறால் பாட்டில்

அடுத்தவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனை யாருக்கும் பிடிக்காது. வளைகுடா நாட்டில், சோனாப்பூரில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு அதுதான் வேலை. வாரம் ஒருமுறை ரூம் ரூமாகப் போய், கெட்டதைத் தூக்கிப் போட வேண்டும். நல்லது சொல்லி வசவு வாங்கும் உத்தியோகத்தில் இருப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

என்றைக்குச் செய்தது?

ஊரிலிருந்து வரும் ஊறுகாய், தொக்கு பாட்டில்களில் தேதி இருக்காது. கேட்டால் போன லீவு முடிந்து வந்தபோது கொண்டுவந்தது என்பார்கள். லீவோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எலுமிச்சை ஊறுகாய் உப்பில் பிழைத்துக்கொள்ளும். மீனையும் இறாலையும் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சீக்கிரம் தின்று தீர்க்க வேண்டும். அதனால் எல்லா பாட்டிலிலும் தேதி ஒட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் பாக்கியில்லாமல் லேபிள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே தேதி. ரூமில் மூத்தவரான கருப்பையா நிதானமாக விளக்கினார்: "ஒட்டச் சொன்னீங்க சார். ஒட்டுன தேதியத்தான் போட்டிருக்கோம்."

பரிசோதனை

இத்தனை நாளும் கெட்டதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அதே ரூமில் கேட்டேன். கம்பி கட்டும் செல்வராஜ் சொன்னார்: "மொதல்ல கருப்பையா அண்ணன் தின்பாரு. மறுநாள் அவரு டூட்டிக்குப் போயிட்டா, நாங்க தின்போம்."

திறக்காத பாட்டில்

இந்தச் செல்வராஜ் லீவு முடிந்து கிளம்பியபோது, மாசமாயிருந்த மனைவி தனம் இறால் தொக்கு செய்து கொடுத்திருந்தார். குழந்தை பிறக்கும் அன்றுதான் திறப்பேன் என்று செல்வராஜ் அதை என் கண்ணில் படாமல் ஆறு மாதம் பத்திரப்படுத்தினார். பெண் பிறந்தாள். சுடச்சுடச் சோறு வடித்து, என்னையும் கூப்பிட்டார்கள். பாட்டிலை எடுத்தால் மூடி உப்பியிருந்தது.

மூடி உப்பினால் நாக்கில் தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாது, வாசனை நன்றாக இருந்தாலும் உயிருக்கே ஆபத்து என்றேன். அவள் கையால் செய்தது என்று அவர் பாட்டிலை விடவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பிடுங்க மனமில்லாமல், தனத்தையே கேளுங்கள் என்றேன். வீடியோவில் வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் முதலில் அதைக் கொட்டச் சொன்னார். செல்வராஜ் கொட்டிவிட்டு வரும்வரை காத்திருந்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப வாராவாரம் போன்ல ருசியா இருக்கு, ருசியா இருக்குன்னு சொன்னீங்களே, அது எதைத் தின்னுட்டு?"

வீட்டில் செய்த தொக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கெல்லாம், செய்தவர் விசாரிப்பதற்குள் தின்று முடித்துவிடுங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.