ஒன்பது செத்த கழிகள்

தெர்ஸாவைப் போலப் பயந்த பிறவியை இங்கிலாந்தில் எங்கள் சாமர்செட் தாழ்வெளியில் நான் பார்த்ததில்லை. குளியல் தொட்டியில்கூடக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் விடமாட்டாள். அவளுக்கு ஆறு வயதானபோது வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்திருக்கிறது. அவளைத் தூக்கி அலமாரி மேல் உட்கார வைத்தார்களாம். சாப்பாட்டு மேசை தானாக வாசலைத் தாண்டி மிதந்து போனதை அங்கிருந்து பார்த்தாளாம். அன்று புகுந்த பயம் அறுபத்திரண்டு வயதிலும் இறங்கவில்லை. ஆனாலும் குடியிருப்பது ஆற்றங்கரையில்தான். வேறெங்கே போவாள்? வில்லோ மரத்துக்குக் காலடியில் ஈரம் வேண்டும். அவள் பிழைப்பே வில்லோ. அதன் மெல்லிய வளார்களில் கூடை முடைவாள், தடித்த கழிகளில் தோட்டத்து நாற்காலி செய்வாள், வெட்டிய பச்சைக் கிளைகளை, அதாவது போத்துகளை, ஊன்றி உயிர்வேலி கட்டிக்கொடுப்பாள்.

அந்தப் பயம்தான் அவளை நல்ல தொழில்காரியாக்கியது என்பேன். ஊன்றுவதற்கு முன் ஒவ்வொரு போத்தையும் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பு தெரிந்தால் விறகு. முந்நூறு போத்து இருந்தால் முந்நூறு கீறல். நான் வாய்க்கால் தூர்வாருகிறவன். பனிக்காலத்தில் அவளுக்குக் கழி வெட்டிக் கொடுப்பேன். நின்று நின்று என் கால் மரத்துப் போகும்.

அவள் புருஷன் எல்வின் ஆப்பிள் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு இடுப்பும் தேய்ந்து, இப்போது கீழறையில் படுக்கை. மாடிப்படி ஏற முடியாது. ஆறு உள்ளே வந்தால் முதலில் தொடுவது அவன் கட்டிலைத்தான்.

போன பனிக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு திரும்புகிற இடத்தில் கரை அரித்தது. மார்ச் முதல் வாரத்தில் நானும் அவளும் கரையடியில் நாற்பது கழிகளை வரிசையாக அறைந்து, குறுக்கே வளார் பின்னி, பின்னால் மண் அடைத்தோம். அவள் கரைமேல் மண்டியிட்டுத்தான் பின்னினாள், தண்ணீரில் நின்றது நான். கழிகள் வேர் பிடித்துவிட்டால் கரை நகராது. செத்த கழியானால் முதல் வெள்ளமே பிடுங்கிவிடும்.

அந்த வாரம் அவள் கட்டைவிரலை அரிவாள் கிழித்திருந்தது. பெரிய கட்டு. கீற முடியவில்லை. கழிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் தொட்டியில ஊறின பச்சைக் கழிதானே, அறையட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மரச் சுத்தியலை, கொட்டாப்புளியை, எடுத்தவன் நான்தான்.

மே மாதம் முப்பத்தொரு கழிகள் இலை விட்டன. நடுவில் ஒன்பது மொட்டையாக நின்றன. அவள் ஒன்றைக் கீறினாள். பழுப்பு.

நாற்காலிக் கால்களுக்காகக் காயவைத்த கழிகள் அவை. வளைப்பதற்காக ஊறப் போட்டிருந்தாள். பக்கத்துத் தொட்டி உறைபனியில் வெடித்ததால், பச்சைக் கழிகளும் அதே தொட்டிக்கு வந்திருக்கின்றன. ஊறின பிறகு இரண்டும் ஒரே நிறம், ஒரே கனம்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. மிச்ச எட்டையும் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தாள். இனி போத்து ஊன்ற இலை உதிரும் காலம் வரவேண்டும். இலை உதிர்ந்தால் கூடவே வெள்ளமும் வரும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவள் தூங்கவில்லை என்று எல்வின் சொன்னான். நாளுக்கு நாலு தடவை கரைக்குப் போய் அந்த ஒன்பதையும் அசைத்துப் பார்த்துவிட்டு வருவாளாம்.

ஜூலைக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இரண்டு பக்கத்து உயிர்க்கழிகளிலும் ஆளுயரத்துக்குத் தளிர்கள் நீண்டிருந்தன. அவற்றை நடுவுக்கு வளைத்துப் பதியம் போடலாம் என்றாள். வளைக்கிற பக்கம் ஆற்றுக்குள் இருந்தது. நான் இறங்குகிறேன் என்றேன்.

"நீ இறங்க வேண்டாம், டென்சில். உன் கை முரட்டுக் கை. ஒடிச்சுப்புடுவ. நீ கயித்தப் பிடி."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் பல் கிட்டித்தது. இடுப்பைத் தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடேயே விரலால் தடவி, தளிரை வளைத்து, அடிப்பட்டையைக் கீறி, சேற்றில் கவட்டைக் குச்சி வைத்து அழுத்தினாள். அறுபது தளிர்கள். மூன்று நாள் வேலை. தினமும் ஏறி வந்ததும் புல்லில் வாந்தி எடுப்பாள்.

டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. எல்வினை அவன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. அவன் அசையவில்லை. "கரையக் கட்டினது என் பொண்டாட்டி. நான் எதுக்குப் போகணும்?" என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டான். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பாவி, போய்த் தொலைந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கரையில் நின்றோம். காப்பி நிறத்தில் தண்ணீர், கரை விளிம்புக்கு ஒரு சாண்தான் கீழே. செத்த கழி ஒன்று தலையாட்டியது, சாய்ந்தது, போயிற்று. அடுத்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்பதாவது போனதும் பின்னாலிருந்த மண் ஒரு முழத்துக்குச் சரிந்தது. நான் வீட்டை நோக்கித் திரும்பினேன், எல்வினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட. அவள் என் கையை விடவில்லை.

சரிவு நின்றுவிட்டது. மண் போன இடத்தில் சிவப்பு வேர்கள், நூல் நூலாக, வலைபோலத் தொங்கின. பதியம் போட்ட தளிர்கள் வெள்ளத்தில் சீவிய தலைமயிர்போலப் படுத்துக் கிடந்தன. ஒன்றும் பிடி விடவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியது.

உள்ளே எல்வின் தேநீர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஒம்பதும் போச்சு," என்றாள்.

"மிச்சம்?"

"நிக்குது."

"அப்புறம் ஏன் புள்ள இப்படி நடுங்குற?"

கெண்டியை அடுப்பில் வைத்தாள். அதன் மூடி கடகடவென்று ஆடியது.

"வியாழக்கிழமையும் மழையாம்," என்றாள்.