அண்ணனோடு அழிந்த நான்கு பேர்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இன்னும் ஆறாததால்தான் எழுதுகிறேன்.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் வவுனியாவில், இடம்பெயர்ந்தவர்களுக்கு உலர் உணவு கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணினியில் விபரம் பதிந்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் குடும்ப அட்டை ஆம்பிளையின் பெயரில்தான் இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் அவருக்குக் கீழே. கணினியிலும் அப்படியே அமைத்திருந்தார்கள்.

அங்கே உணவு பெற்றுவந்த என் அண்ணன் பாம்பு கடித்து இறந்தபோது, அவருடைய மனைவி, என் மச்சாள், முறைப்படி வந்து அறிவித்தார். 'இறந்தவர்' என்று பதிந்துவிட்டேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். இறந்தவர்களின் பெயர்களை நீக்குவது அவர் வேலை. திரையில் ஒரு பெயரை அழிக்கப் போனால், அதனோடு சேர்ந்து போகும் பெயர்களையும் காட்டி, 'அழிக்கவா?' என்று கேட்கும். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

"ஒவ்வொண்டா அழிச்சா விடிஞ்சிடும் அக்கா. நான் கோட் எழுதுறன். எல்லாரும் ஒரே அடியில போயிடுவினம்."

அவர் எழுதிய அந்தக் கட்டளை நிரல் எதையும் கேட்கவில்லை. இறந்தவர்கள் போனார்கள். அவர்களுக்குக் கீழே இருந்த உயிருள்ளவர்களும் போனார்கள். மிஞ்சிய பெயர்கள்தான் அந்த மாதப் பங்கீட்டுக்கென்று கொழும்புக்கு அனுப்பப்பட்டன.

பங்கீட்டுக்கு முதல் நாள் மச்சாள் விசாரிக்க வந்தார். தேடினேன். அவரும் இல்லை, மூன்று பிள்ளைகளும் இல்லை.

"அப்பிடி ஒருத்தரும் சிஸ்டத்தில இல்லையே," என்றார் பொறியியலாளர், நிமிர்ந்தும் பாராமல்.

"ஓமோ? அப்ப முன்னால நிக்கிறது பேயோ தம்பி?" என்றார் மச்சாள். "அவர் செத்திட்டார் எண்டுதானே சொன்னனான். எங்களையும் சேர்த்துச் சாக்காட்டச் சொன்னனானோ?"

"கோபப்படாதேங்கோ அம்மா. பழைய பிரதி எடுத்து வைக்கேல்ல. திரும்பப் பதிஞ்சா அடுத்த மாசம் வரும்."

"அதுவரைக்கும் பிள்ளையளுக்கு என்னத்தை அவிக்கிறது? உங்கட கொம்பியூட்டரையோ?"

பொறியியலாளர் சிரித்தார்.

"சிரியாதேங்கோ!" என்று கத்தினேன். அந்த அலுவலகத்தில் என் குரல் அவ்வளவு உயர்ந்தது அன்றுதான். "அண்ணனைப் பாம்பு கடிச்சது. இவையைக் கதிரையில இருந்த நீங்கள் அழிச்சனீங்கள். கொழும்புக்குக் கோல் எடுங்கோ!"

எடுத்தார். பெயர் இல்லாதவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

அடுத்த நாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் பருப்பும் கொடுத்தார்கள். மச்சாளுக்குக் கொடுக்கவில்லை.