விசில் போடாத குக்கர்

சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டுத் திருப்பாமல் நிற்பார். கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து விடுவார். உள்ளே டிவி அலறிக்கொண்டிருக்கும். பிறகுதான் கதவைத் திறப்பார், அதுவும் திருட வந்தவர் மாதிரி ஓசைப்படாமல். தன் சொந்த வீட்டுக்குள் ஒரு மனிதர் இப்படி நுழைவதை எதிர்வீட்டுக் கதவிடுக்கு வழியாக நான் தினமும் பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் எனக்கும் பொழுது போக வேண்டுமே.

எங்கள் கட்டடத்தில் அவருக்குக் குக்கர் என்று பெயர். எப்போது விசில் அடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஒரு விசில், படிக்கட்டில் யாராவது சைக்கிளை நிறுத்திவிட்டால் இரண்டு. தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. அவர் குடியிருக்கும் எங்கள் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. அதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு விசில் உண்டு.

கேட்டாலும் உண்டு என்பது பழைய கதை. இப்போது அவர் விசில் போடுவதே இல்லை. காரணம், உள்ளறையில் இருந்த ஆசாமி.

மனைவி பிரிந்து, மகளையும் அழைத்துக்கொண்டு போன பிறகு, "வீடு வெறிச்சுன்னு இருக்கு சார்" என்று சொல்லி அவரே கூட்டி வந்து குடிவைத்த ஆள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வாடகை கொடுத்து வீட்டில் பங்குக்கு வந்தவர் என்பதால் நாங்கள் அவரைப் பங்காளி என்போம். பங்காளி குளிக்கப் போனால், குக்கர் முகம்கூடக் கழுவாமல் வேலைக்குக் கிளம்பிய பிறகே வெளியே வருவார். சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் அடுக்கடுக்காகக் கிடக்கும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "சட்டப்படி பாத்துக்கலாம் பாஸ்."

இதற்கிடையில் குடும்பக் கோர்ட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னது. மகளுக்கென்று தனி அறை இருந்து, வெளியாள் யாரும் வீட்டில் இல்லாவிட்டால், சனிக்கிழமை இரவுகளில் அவள் அப்பாவிடம் தங்கலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூங்காவில், அவளுடைய பெரியம்மா பெஞ்சில் காவல் இருக்க, கொஞ்ச நேரம் பார்க்கலாம். வீடு குக்கர் பெயரில்தான் இருக்கிறது. காலி பண்ணச் சொன்னார். பங்காளி சிரித்தார். "சட்டப்படி வாங்க பாஸ்."

சட்டப்படியே போனார். வக்கீலம்மா முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டாராம். "அண்ணே, பூட்ட மாத்தக் கூடாது, கரண்ட்ட நிறுத்தக் கூடாது, அவர் செருப்பக்கூட நகத்தக் கூடாது. ஒரு தடவ கத்தினீங்கன்னா அது அவருக்குச் சாட்சி. கை நீட்டினீங்கன்னா பொண்ண மறந்துடுங்க." அந்த அம்மா எழுதிக்கொடுத்த நோட்டீஸைக் குக்கர் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் உறையின் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரே வீட்லேர்ந்து ஒரே வீட்டுக்கா? சுவத்தத் தட்டிச் சொல்லக் கூடாதா சார்?" என்றார்.

அடக்கிய கோபம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டுக்குள் "டே...ய்!" என்று ஒரு கூப்பாடு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஒருமுறை யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று பதறி, அந்த அலுவலகத்தார் தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரு சின்னப் போர்வையைத் துவைத்துக் காயப்போடுவார். யாரும் போர்த்தாத போர்வைக்கு வாராவாரம் எதற்கு சோப்பு என்று கேட்டேன். "அலமாரிலயே கெடந்தா நாத்தம் வந்துடும் சார்" என்றார். சட்டைப்பையில் எந்நேரமும் சுவரில் அடிக்கிற ஒரு கொக்கி இருக்கும். மஞ்சள் வாத்து, அதன் அலகில் மாட்ட வேண்டும். கோர்ட்டு அனுமதி தந்த அன்று மகளின் பள்ளிக்கூடப் பைக்காக வாங்கியது. "அவ தல உயரத்துக்கு அடிச்சாத்தான் கை எட்டும். பக்கத்துல வந்து நின்னா, இதோ, இங்க" என்று சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டுக் காட்டுவார். வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுத்ததில் வாத்தின் அலகில் சாயமே போய்விட்டது.

"அதான் வாராவாரம் பாக்கறீங்களே" என்று ஆறுதல் சொல்லப் போனேன்.

"பார்க்குல ஓடறா, சிரிக்கறா, எல்லாம் சரி சார். எனக்கு அவ தூங்கறதப் பாக்கணும். பார்க்குல எவ சார் தூங்குவா?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பங்காளிக்கும் இது தெரியும். ஒரு நாள் மாடிப்படியில், என் காதுபடவே, "இன்னும் கொஞ்ச நாள் போனா அதுவே வராது பாஸ். பெருசாயிட்டா அப்பா எதுக்கு?" என்றார். குக்கரின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்று விசில் இல்லை, மூடியே பறக்கப்போகிறது என்று பயந்தேன். அவர் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். கட்டினார். மறுபடி அவிழ்த்தார். பங்காளி இறங்கித் தெருவுக்குப் போகும்வரை கட்டிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் தீர்ப்போடு கோர்ட்டு அமீனா வந்து கதவைத் தட்டினார். பங்காளி சட்டத்தை மதிக்கிறவராயிற்றே, மூட்டை கட்டினார். அவருடைய கட்டிலின் ஒரு முனையைக் குக்கரே பிடித்து இறக்கிக்கொடுத்தார். உங்களுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டேன். "சுவத்துல இடிச்சிடுவான் சார். பாப்பா ரூம்" என்றார்.

காலி அறையில், நான் இரவல் கொடுத்த டிரில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, சுவரை ஒட்டி நின்றார். ஒரு கையில் பென்சில். மறு கை விரல் வழக்கம்போல மூன்றாவது பொத்தானுக்குப் போயிற்று. பென்சில் சுவரைத் தொடும் நேரத்தில், "இருங்க சார்" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மகள் பக்கத்தில் வந்து நின்றதை நினைத்துக்கொள்கிறார் போலிருந்தது. விரல் மெல்ல ஏறியது. இரண்டாவது பொத்தான். முதல் பொத்தான். காலரையும் தாண்டித் தொண்டைக்குழியில் போய் நின்றது. விரலை அங்கிருந்து எடுக்காமலே, அந்த உயரத்தில் சுவரில் ஒரு கோடு போட்டார்.