ரேடியோ சார் கை தூக்கினார்

பூகோள வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோ. அநியாயமான பெயர். ரேடியோவையாவது அணைக்கலாம். இவர் ஒரு மணியில் ஆரம்பித்தால் அடுத்த மணி வரை மூச்சு விடாமல் பேசுவார். மலைகள் எழும்பும், பனி உருகும், கண்டங்கள் நகரும், பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாக மேசையில் சாயும். அதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. அவரிடம் இதுவரை ஒரு பிள்ளையும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்க அவர் எங்கே இடைவெளி விட்டார்? ஆனால் பாடத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசை சத்தியமானது. ஆறுகளைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிற மனிதர் அவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது. தலைமையாசிரியை ஏதோ பயிற்சிக்குப் போய், மாற்றம் உண்டாக்கும் தலைவியாகத் திரும்பி வந்தார். வந்ததும் எல்லோரையும் கூட்டினார்.

"இனிமே நான் தலைவி இல்ல, உங்கள்ல ஒருத்தி," என்றார். மறுத்துப் பேச யாருக்கும் அனுமதி இல்லை.

"வகுப்பு பிள்ளைங்களோடது. அவங்களே நடத்தட்டும். வாத்தியாருக்குக் கடைசி பெஞ்சு. பேசணும்னா கை தூக்கணும், நடத்துற பிள்ளை கூப்பிட்டாத்தான் பேசணும். யாரா இருந்தாலும் சரி."

அப்புறம் ரேடியோ சாரைத் தனியாக நிறுத்தினார். "அடுத்த வாரம் கல்வி அதிகாரி பாக்க வர்றார். முறையில்லாம உங்க குரல் கேட்டுச்சுன்னா, நீங்க சாமான் ரூமுக்குப் போயிடலாம் சார். உடைஞ்ச நாற்காலிங்ககிட்ட ஆசை தீரப் பேசுங்க."

வகுப்பு போனால் வாத்தியாருக்கு வேறு என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடத்தில் அடக்கிவைத்த பேச்சு வீட்டில் பொங்கியது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு எரிமலையை விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் சக்கரத்தை நிறுத்தினார்.

"என்னங்க, இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? நான் பரீட்சையா எழுதப் போறேன்? பிள்ளைங்க கேட்டா சொல்லுங்க."

"அவங்க கேட்டதே இல்லையேம்மா," என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே சுருக்கென்று தைத்தது.

அதிகாரி வந்த நாளில் பாடம் ஆறு. நடத்தியவள் பல்லில் கம்பி கட்டிய பெண். ஆற்றைச் செய்தே பார்ப்பது என்று பிள்ளைகள் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். வகுப்பு வாசலில் வராந்தா முழுக்க மணலைக் கொட்டிப் பரப்பி, தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்து வந்து, தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள்.

வராந்தா எந்தப் பக்கம் சரிகிறது என்பது அந்தப் பள்ளியிலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அது தலைமையாசிரியையின் அறைப் பக்கம் சரிந்தது. அங்கேதான் அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ சார் கை தூக்கினார்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

முதல் பையன் ஆற்றுக்குத் தன் தங்கை பெயரை வைக்கச் சொன்னான். அதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. அடுத்தவன் முதலை வேண்டும் என்றான். முதலை எங்கே படுக்கும் என்று வாக்குவாதம் முற்றியது. தண்ணீர் மாடிப்படியைத் தாண்டியது. வாத்தியார் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒரு கை போதும் சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தினால் சாமான் ரூம், கத்தாவிட்டால் வெள்ளம்.

"இப்ப நீங்க சொல்லுங்க சார்."

"வேண்டாம்மா. போய்ச் சேந்துடுச்சு."

வராந்தாக் கோடியில் ஒரு அலறல் கேட்டது. தலைமையாசிரியை செருப்புச் சளசளக்க வந்தார். பின்னால் அதிகாரி, ஷூவைக் கையில் பிடித்தபடி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் ரேடியோ சார். உடைந்த நாற்காலிகள் அவர் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

கம்பிப் பல் பெண் யாரையும் பார்க்கவில்லை. அவள் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாங்க தண்ணிய நேராத்தானே விட்டோம்? அது ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

முதலைக்காரன் உதட்டைப் பிதுக்கினான். யாருக்கும் தெரியவில்லை. எல்லா முகங்களும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. ரேடியோ சார் எழுந்து வாசலுக்கு வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"கேட்டுட்டியேம்மா," என்றார் கடைசியில்.

"என்ன கூத்து இது..." என்று ஆரம்பித்தார் தலைமையாசிரியை.

"சார் பேசிட்டிருக்கார் மேடம். கை தூக்குங்க."

அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். போட்ட சட்டமோ தன்னுடையது. தலைமையாசிரியை மெல்லக் கையைத் தூக்கினார். என்ன ஏதென்று புரியாத அதிகாரியும் ஷூவோடு சேர்த்துக் கையைத் தூக்கினார்.

ரேடியோ சார் ஈர மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "இந்தக் கரைய நல்லாப் பாரு. மண்ணு எங்க கரையுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

மணி அடிக்கும்வரை அந்த இரண்டு கைகளையும் யாரும் கூப்பிடவில்லை.