அத்தை பார்க்கப் போன அருவி

என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, ஒரு துணிக்கடை வாசலில் வேலை பார்த்தாள். உள்ளே போகிறவர்களின் பைகளை வாங்கி அடுக்கில் வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு பை மாறியதில்லை. யாரோ மறந்துவிட்டுப் போன எலிப்பொறியைக்கூட மூன்று வாரம் காப்பாற்றி உரியவரிடம் கொடுத்தாள். கல்யாணம் கூடிவரவில்லை; எங்களோடுதான் இருந்தாள்.

நான்கு நாள் அடைமழை ஓய்ந்ததும் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. "இந்தத் தடவையாவது நானும் பாக்கணும்டா," என்று அப்பாவிடம் கேட்டவள் அத்தைதான். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கினாள். பஸ் நேரம் விசாரித்ததும், விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சாப்பாடு கட்டியதும் அவள்தான்.

அருவிக்கு ஏறும் படிக்கட்டில் காவலாளி பைகளோடு விடமாட்டேன் என்றார். படி வழுக்கும், செருப்பும் கூடாதாம். அங்கிருந்து அருவி தெரியாது. பெரிய பாறை மறைத்திருந்தது; இரைச்சல்தான் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், சும்மா ஒப்புக்கு.

"அண்ணி, நீங்க கொஞ்சம் பாத்துக்குங்களேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே," என்றாள் அம்மா.

"டோக்கன் இல்லாம திருப்பித் தர மாட்டேன், ஆமா," என்று அத்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

எனக்கு மட்டும் உறுத்தியது. "பத்தே நிமிஷம் அத்தை. நான் வந்து உக்காந்துக்குறேன், நீங்க போய்ப் பாருங்க," என்றேன். தலையாட்டினாள். மாற்றுப் புடவையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.

மேலே செம்மண் நிறத்தில் தண்ணீர் இடிந்து விழுந்தது. ஆட்டம் போட்டோம். அத்தை ஞாபகமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெள்ளம் ஏறுகிறது என்று விசில் ஊதி எல்லோரையும் கீழே விரட்டினார்கள். நாங்கள் இறங்கியதும் காவலாளி படிக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினார். அத்தை புடவையும் கையுமாக எழுந்து போனாள்.

"ஒரே நிமிஷம் ஐயா. எட்டிப் பாத்துட்டு வந்துடுறேன்."

"இன்னிக்கு முடியாது. நாளைக்கு வாங்கம்மா."

நாளைக்காம்!

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, "என் செருப்புல ஒண்ணக் காணோமே. இதக்கூடப் பாத்துக்க முடியலையாக்கா?" என்றார். அது சாப்பாட்டுப் பைக்கு அடியில் கிடந்தது. அத்தை குனிந்து எடுத்துப் போட்டாள். நான் என் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டால் உடனே மன்னித்துவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு மாடியில் எங்கள் ஈரத் துணிகளை அத்தை கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் துணி ஒன்றும் நனையவில்லை. பக்கத்து மாடியிலிருந்து ஒரு அம்மா, "அருவி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அத்தை என் பாவாடையை உதறினாள்.

"சத்தம் நல்லா இருந்துச்சு," என்றாள்.